செக்ஸ் பிஸ்டல்ஸை உருவாக்கியது மால்கம் மெக்லாரனா?

பழையகேசட் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வாரமாக 1976, 77ஆம் வருடத்து பங்க் (எழுபதுகளின் முரட்டு ராக் இசை) இசைத்தட்டுகளை மறுபடி வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் முடியும்போது யோசனை ஒரே ஆளிடம்தான் போய் நிற்கிறது. அவர் பாடியவரும் இல்லை, வாசித்தவரும் இல்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேனேஜர் மால்கம் மெக்லாரன்.

குழு உடைந்த பிறகு அவர் ஒரு கதை சொன்னார். வாசிக்கவே தெரியாத பையன்களைப் பொறுக்கி எடுத்தேன், இசைக் கம்பெனிகளிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றினேன், எல்லாமே என் திட்டம் என்று. 1980இல் வந்த 'தி கிரேட் ராக் அண்ட் ரோல் ஸ்விண்டில்' படத்தில் இதையே பத்துப் பாடமாக வகுப்பெடுக்கிறார். இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் நிறையப் பேர். இருபது வயதில் நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

என் பார்வையில் அவர் உண்மையாகவே உருவாக்கியது ஒரு கடை. லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430ஆம் எண். 1971இல் அவரும் விவியன் வெஸ்ட்வுட்டும் அங்கே 'லெட் இட் ராக்' என்ற பெயரில் ஐம்பதுகளின் பாணி உடைகள் விற்றார்கள். பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1974இல் 'செக்ஸ்' என்று ஆனபோது உள்ளே ரப்பர் உடைகளும் ஆபாச வாசகம் எழுதிய சட்டைகளும் தொங்கின. ஒரு மூலையில் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டி. போக இடமில்லாத பையன்களும் பெண்களும் அங்கே வந்து மணிக்கணக்கில் நிற்பார்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். பின்னாளில் குழுவில் கிடார் வாசித்த ஸ்டீவ் ஜோன்ஸும் டிரம்ஸ் வாசித்த பால் குக்கும் அப்படி வந்தவர்கள்தான். ஜோன்ஸ் கைவசம் இருந்த வாத்தியங்களில் பாதிக்கு மேல் திருடியவை, அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். குழுவின் பேஸ் கிடார்காரர் க்ளென் மேட்லாக் அங்கே சனிக்கிழமை வேலை பார்த்த ஓவியக் கல்லூரி மாணவர். 1975 ஆகஸ்டில், 'ஐ ஹேட் பிங்க் ஃப்லாய்ட்' (பிங்க் ஃப்லாய்ட் குழுவை வெறுக்கிறேன்) என்று எழுதிய சட்டையோடு வந்த ஜான் லைடனை அந்த ஜூக்பாக்ஸ் முன்னால் நிறுத்தி, ஆலிஸ் கூப்பர் பாட்டு ஒன்றோடு சேர்ந்து பாடச் சொன்னார்கள். குழுவுக்குப் பாடகர் கிடைத்தது அப்படித்தான்.

ஆனால் அதற்கு முன்பே ஜோன்ஸும் குக்கும் குழு ஆரம்பித்திருந்தார்கள். எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெக்லாரனை விடாமல் நச்சரித்தது ஜோன்ஸ். அப்படியானால் உருவாக்கியது யார்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நாலுதந்தி

நான் பேஸ் கிடார் வாசிக்கிறவன், அதனால் மேட்லாக் பக்கம்தான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1977 அக்டோபர் 28இல் வந்த பிஸ்டல்ஸ் ஆல்பத்தில் மொத்தம் 12 பாட்டு. அதில் 10 பாட்டில் மேட்லாக்கின் பெயர் இருக்கிறது. ஆல்பம் வெளியாகும்போது அவர் குழுவில் இல்லை, அந்த வருடம் பிப்ரவரியிலேயே வெளியே போய்விட்டார். பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னியைப் பற்றி அதிகமாகப் பேசினார், அதனால் தூக்கிவிட்டோம் என்று மெக்லாரன் இசைப் பத்திரிகைக்குத் தந்தி அடித்தார். மெட்டமைக்கத் தெரிந்த ஒரே ஆளைப் பற்றி ஒரு மேனேஜர் ஊருக்கே கொடுத்த விளக்கம் அது. அவர் இடத்துக்கு வந்த சிட் விஷஸுக்கு பேஸ் வாசிக்கத் தெரியாது. ஆல்பத்தில் பெரும்பாலான பேஸ் பகுதிகளை ஸ்டீவ் ஜோன்ஸே வாசித்துச் சேர்த்தார்.

வாசிக்கத் தெரியாத பையன்கள் என்ற கதையை அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டவர் யாரும் ஏற்க முடியாது. கிடாரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கிச் சுவர் மாதிரி எழுப்பியிருக்கிறார்கள். குக்கின் டிரம்ஸ் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாது. தயாரித்தவர் க்ரிஸ் தாமஸ். பிங்க் ஃப்லாய்டின் 1973ஆம் வருடத்து ஆல்பத்தின் கடைசி மிக்ஸிங்கில் கூட இருந்து மேற்பார்த்தவர். அவர்களை வெறுக்கிறேன் என்று சட்டை போட்டுக்கொண்டு வந்த பையனின் குரலையும் அதே ஆள்தான் பதிவு செய்தார். எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

இந்த வேலை எதிலும் மெக்லாரனின் கை கிடையாது.

ஹரோ_கவிதா

வணக்கம் அண்ணைமார். நான் லண்டனில் இருக்கிறேன். அந்தக் கடை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, இப்போது பெயர் 'வேர்ல்ட்ஸ் எண்ட்'. வாசலில் பெரிய மணிக்கூடு ஒன்று, முள் பின்பக்கமாகச் சுற்றும். முதன்முதலில் பார்த்த அன்று தெருவில் நின்றபடியே வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கொஞ்சம் மெக்லாரன் பக்கம் கதைக்கிறேன், கோவிக்க வேண்டாம். பாட்டு மட்டும் போதுமென்றால் அந்தக் காலத்து பப்களில் நல்ல குழுக்கள் எத்தனையோ இருந்தன, அவற்றின் பெயர் யாருக்குத் தெரியும்? பிஸ்டல்ஸ் என்றதும் காதில் விழுவதற்கு முன்பே கண்ணில் ஒன்று வந்து நிற்கிறதல்லவா? பத்திரிகை எழுத்துகளை வெட்டி ஒட்டிய அந்தப் பெயர், கண்ணும் வாயும் மறைக்கப்பட்ட மகாராணி. அதைச் செய்தவர் ஜேமி ரீட். 1968இல் குரொய்டன் ஓவியக் கல்லூரியை மாணவர்கள் பிடித்து உட்கார்ந்தபோது மெக்லாரனோடு கூட நின்றவர். பாரிஸில் அந்த வருடம் மாணவர் கிளர்ச்சியில் சுவர்களில் எழுதப்பட்ட வாசகங்கள் இரண்டு பேர் மனதிலும் இருந்தன. பிறகு ரீட் ஒரு சிறு அச்சகம் நடத்தினார். கையில் காசில்லை, அதனால் பழைய பத்திரிகைகளிலிருந்து எழுத்தை வெட்டி ஒட்டினார். அந்த வறுமைப் பழக்கத்தை உலகமே அடையாளம் காணும் எழுத்தாக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ரீட்டைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தது மெக்லாரன்தானே.

1977 ஜூன் 7ஐயும் யோசியுங்கள். மகாராணியின் வெள்ளிவிழா வாரம். 'காட் சேவ் த குயீன்' பாட்டைப் பிபிசி தடை செய்துவிட்டது. இவர்கள் 'குயீன் எலிசபெத்' என்ற படகை வாடகைக்கு எடுத்து, தேம்ஸ் ஆற்றில் வாசித்துக்கொண்டு போனார்கள். பொலிஸ் படகுகள் சுற்றி வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்து, மெக்லாரனையும் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம். முதலிடம் ரொட் ஸ்டுவர்ட்டுக்கு. உண்மையில் முதலிடம் யாருக்கு என்று சனம் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறது. இப்படி ஒரு நாளை யோசித்து நடத்தும் மேனேஜர் எத்தனை பேர்?

பழையகேசட்

படகு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி கவிதா. ஆனால் அவருடைய பெரிய திட்டம் என்று எல்லோரும் சொல்வது பில் கிரண்டி டிவி பேட்டியை. அதை மட்டும் சற்று நெருங்கிப் பாருங்கள்.

1976 டிசம்பர் 1, தேம்ஸ் டிவியின் 'டுடே' நிகழ்ச்சி, மாலை நேர நேரலை. அன்று வர வேண்டியது குயீன் குழு. அவர்களால் வர முடியவில்லை, அதே இஎம்ஐ கம்பெனியில் இருந்த பிஸ்டல்ஸை அனுப்பினார்கள். நிகழ்ச்சியை நடத்திய கிரண்டி பையன்களைச் சீண்டினார், கூட வந்திருந்த சூசி சூவிடம் வழிந்தார், ஜோன்ஸ் கெட்ட வார்த்தையில் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கம். கிரண்டியை இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மெக்லாரன் வெலவெலத்துப் போயிருந்தார் என்று குழுவினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் திட்டம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது அப்புறம்தான்.

விலை கொடுத்தது பையன்கள். அந்த மாதம் க்ளாஷ், டேம்ண்ட், ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுக்களோடு கிளம்பிய சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான ஊர்கள் கதவைச் சாத்தின. டர்பி நகர மன்றத்தார், முதலில் எங்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள் என்றார்கள். வேல்ஸில் கேர்ஃபில்லி ஊரில் உள்ளே கச்சேரி, வெளியே ஊர்க்காரர்கள் குளிரில் நின்று கிறிஸ்துமஸ் கீதம் பாடி எதிர்ப்பு. ஜனவரியில் இஎம்ஐ கைவிட்டது. மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் மேசை போட்டு ஏ அண்ட் எம் கம்பெனியோடு கையெழுத்து, ஒரே வாரத்தில் அதுவும் ரத்து. அடித்து வைத்த தட்டுகளில் பெரும்பாலானவற்றை அழித்தார்கள். மே மாதம் வர்ஜின். இதையெல்லாம் கம்பெனிகளை ஏமாற்றிய சாமர்த்தியம் என்று படத்தில் காட்டுகிறார். எனக்கு இது, நடந்த விபத்து ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே ஓடிப்போய்த் தன் பெயரை எழுதியதாகத்தான் தெரிகிறது.

நடுவரிசை

மேனேஜர் என்ற வேலையைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் நியூயார்க்கைச் சொல்லாமல் விட முடியாது. மெக்லாரனே அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். 1975 தொடக்கத்தில் நியூயார்க் டால்ஸ் குழுவுக்குச் சிவப்புத் தோல் உடை மாட்டி, பின்னால் அரிவாள் சுத்தியல் கொடியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அது எடுபடவில்லை. ஆனால் அங்கே ரிச்சர்ட் ஹெல் என்ற பாடகரின் கிழிந்த சட்டையும் குத்திட்டு நிற்கும் முடியும் அவர் கண்ணில் பட்டன. லண்டனுக்குத் திரும்பும்போது அந்தக் கோலமும் கூடவே வந்துவிட்டது.

அதே ஊரில் டேனி ஃபீல்ட்ஸ் இருந்தார். 1968இல் எம்சி5, ஸ்டூஜஸ் என்ற இரண்டு குழுக்களையும் எலெக்ட்ரா கம்பெனியில் சேர்த்துவிட்டவர். சிபிஜிபி கிளப்பில் ரமோன்ஸ் என்ற குழுவைக் கேட்டார், பிடித்துப்போனது. உங்களுக்கு நான் மேனேஜராக இருக்கலாமா என்றார். எங்களுக்கு டிரம்ஸ் வேண்டும் என்று அவர்கள் சொல்ல, தன் அம்மாவிடம் 3,000 டாலர் வாங்கி வந்து கொடுத்தார். இது அவரே சொன்னது. முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. செலவு 6,400 டாலர். 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. ஜூலை 4 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸில் அவர்கள் வாசித்தபோது லண்டன் பங்க் பையன்கள் பலர் பார்க்கப் போனார்கள்.

தான்தான் ரமோன்ஸைக் கண்டுபிடித்து வடிவமைத்தேன் என்று ஃபீல்ட்ஸ் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. பிடித்த இசைக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்ட மனிதர், அவ்வளவுதான். எனக்கு இப்படிப்பட்டவர்கள்தான் முக்கியம். ஆனால் அவர்களைப் பற்றி யாரும் படம் முழுக்க வகுப்பெடுப்பதில்லை.

செந்தாமரை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனி சும்மா இருக்க முடியவில்லை.

சிட் விஷஸ் இறந்தது 1979 பிப்ரவரி 2. வயது 21. அதற்கு முந்தைய அக்டோபரில் அவருடைய காதலி நான்சி நியூயார்க்கில் செல்சி ஹோட்டல் அறையில் கத்திக்குத்துப் பட்டு இறந்து கிடந்தாள். வயது 20. ஹெராயினில் ஊறிப்போன பையனை ஜாமீனில் எடுத்ததும், மறுபடி ஆல்பம் போடத் திட்டமிட்டதும் அந்த மேனேஜர்தான். 1978 ஜனவரியில் அமெரிக்கப் பயணத்துக்கு வேண்டுமென்றே தென்மாநில ஊர்களாகத் தேர்ந்தெடுத்தார். சண்டை வரும், செய்தி வரும் என்பதுதான் கணக்கு. சண்டை வந்தது. ஜனவரி 14, சான் ஃபிரான்சிஸ்கோ, கடைசிக் கச்சேரி. ஏமாற்றப்பட்டதாக எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று லைடன் மேடையிலிருந்து கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கேள்வி ரசிகர்களுக்கு என்று சொல்வார்கள். எனக்கு அது அவர் தன்னையே கேட்டுக்கொண்டது போலத்தான் எப்போதும் கேட்கிறது.

சரி, அதோடு பாடம் கற்றாரா? 1980இல் பர்மாவில் பிறந்த அனபெல்லா லுவின் என்ற 13 வயதுச் சிறுமியை ஒரு சலவைக் கடையிலிருந்து கண்டுபிடித்து 'பவ் வாவ் வாவ்' குழுவில் பாட வைத்தார்கள். மறுவருடம், அவளுக்கு 14 வயதாக இருக்கும்போது, பிரெஞ்சு ஓவியம் ஒன்றைப் போல அமைத்து, உடையில்லாமல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அவளுடைய அம்மா போலீஸுக்குப் போனார். எந்தத் தாயும் செய்வதைத்தான் அவர் செய்தார். கலை, எதிர்ப்பு, அதிர்ச்சி என்று எந்தப் பெயர் வைத்தாலும் இதை என்னால் ஏற்க முடியாது. மெக்லாரனின் மரபைப் பேசும் யாரும் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பேசக் கூடாது.

அவள் நன்றாகப் பாடினாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் குழுவின் முதல் பாட்டு, ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவு செய்துகொள்வதைக் கொண்டாடும் பாட்டு. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து 60, 90 கேசட்டில் பாட்டு வாங்கிய எனக்கு அந்தக் குரலின் துள்ளல் உடனே ஒட்டிக்கொண்டது. அந்தத் துள்ளல் அவளுடையது, மேனேஜருடையது இல்லை.

ஹரோ_கவிதா

செந்தாமரை அக்கா, அந்தப் படத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மேலே எழுதும்போது தள்ளி வைத்துவிட்டேன். அது பிழை. 1983இல் வந்த மெக்லாரனின் சொந்த ஆல்பமும் அதே மாதிரிதான். தென்னாபிரிக்காவின் போயோயோ பாய்ஸ் குழுவின் மெட்டு, அவர்கள் பெயரில்லாமலே வந்தது, வழக்கு வரைக்கும் போனது. நியூயார்க் ஹிப் ஹாப்பை பிரிட்டனில் நிறையப் பேருக்கு முதலில் காட்டிய ஆல்பமும் அதுவே. இரண்டும் ஒரே தட்டில் இருக்கிறது, என்ன செய்ய.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பங்க் திறந்த அந்த வாசலால் எங்கட ஆட்களும் உள்ளே வந்தார்கள். மெக்லாரனின் கூட்டாளி பெர்னார்ட் ரோட்ஸ் க்ளாஷ் குழுவின் மேனேஜர். காதல் பாட்டை விடுங்கள், உங்களைச் சுற்றி நடப்பதை எழுதுங்கள் என்று பையன்களிடம் சொன்னவர். அதே க்ளாஷ், 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான பெருங்கச்சேரியில் வாசித்தது. சோமாலியத் தகப்பனுக்குப் பிறந்த பொலி ஸ்டைரீனும் அன்று அங்கே பாடினார். அடுத்த வருடம் தெற்கு லண்டனில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெடியன்கள் 'ஏலியன் கல்ச்சர்' என்று பங்க் குழுவே தொடங்கினார்கள். எங்கட யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை மாயா, எம்.ஐ.ஏ., 2007இல் வந்து உலகம் முழுக்க ஒலித்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுக்கு அடியில் வைத்தது க்ளாஷின் 1982ஆம் வருடத்து இசைத்துண்டு. குடியேறி வந்தவர்களைப் பற்றிய க்ளாஷ் பாட்டு, அகதியாக வந்த ஒரு பிள்ளையின் கைக்குப் போனது. அதை முதலில் கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கியது.

நாலுதந்தி

கணக்கு வழக்கையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். லைடன் மெக்லாரன் மேல் போட்ட வழக்கு 1986இல்தான் முடிந்தது. பாட்டுகளின் உரிமை லைடன், ஜோன்ஸ், குக், சிட்டின் அம்மா ஆகியோர் கைக்கு வந்தது. உருவாக்கியது நான்தான் என்றவரிடம் கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் சண்டை ஓயவில்லை. 2021இல் ஒரு டிவி தொடருக்குப் பாட்டுகளைக் கொடுப்பது பற்றி லைடனும் மற்றவர்களும் மறுபடி லண்டன் நீதிமன்றத்தில் நின்றார்கள். ஜோன்ஸும் குக்கும் ஜெயித்தார்கள்.

எனக்குப் பிடித்த நாள் 1977 கிறிஸ்துமஸ். ஹடர்ஸ்ஃபீல்டில் வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களின் குழந்தைகளுக்காக மதியம் வாசித்தார்கள். கேக்கை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் அப்பிக்கொண்டார்கள். சிட் முகத்தில் அன்றைக்குத் தெரியும் சிரிப்பு வேறெங்கும் இல்லை.

முதல்வருடம்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன், கிடார் கற்க ஆரம்பித்து ஐந்து மாதம். பிஸ்டல்ஸ் கேட்டேன், பிடித்தது. அடுத்து எதைக் கேட்க வேண்டும்?

பழையகேசட்

தம்பி, உன் கேள்விக்குப் பதில் சொன்னால் என் கேள்விக்கும் பதில் வந்துவிடும் போலிருக்கிறது.

1976 பிப்ரவரியில் மான்செஸ்டர் பக்கத்து மாணவர்கள் இரண்டு பேர், ஹவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும், பத்திரிகையில் பிஸ்டல்ஸ் பற்றி ஒரு சின்ன விமர்சனம் படித்தார்கள். கார் எடுத்துக்கொண்டு தெற்கே போய் இரண்டு கச்சேரி பார்த்தார்கள். நண்பர் ரிச்சர்ட் பூன் தங்க இடம் கொடுத்தார். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், மெக்லாரன் சம்மதித்தார். ஜூன் 4 அன்று லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கச்சேரி. வந்தது சுமார் 40 பேர். அதில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் உண்டு. ஹுக் மறுநாளே போய் பேஸ் கிடார் வாங்கினார், பின்னாளில் அது ஜாய் டிவிஷன் என்ற குழு ஆனது.

அன்று மாலை மெக்லாரன் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குழு ஆரம்பிப்பது பற்றிப் பேச வேறு யாருக்காகவோ அந்தத் தெருவில் காத்திருந்தார் ஸ்டீவ் டிகிள் என்ற பையன். நீ தேடுகிற ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று சொல்லி மெக்லாரன் அவரை உள்ளே அனுப்பிவிட்டார். உள்ளே டிக்கெட் மேசையில் ஷெல்லி. பேசினார்கள், ஷெல்லியும் டிவோட்டோவும் தொடங்கிய பஸ்காக்ஸ் குழுவில் டிகிள் சேர்ந்தார். மெக்லாரன் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். இதற்கு அவரிடம் எந்தத் திட்டமும் இல்லை.

அந்த டிசம்பர் 28இல் பஸ்காக்ஸ் ஒரே நாளில் நாலு பாட்டு பதிவு செய்தது. தயாரித்தவர் மார்ட்டின் ஹானெட். கம்பெனி எதுவும் இல்லை. நண்பர்களிடமும் ஷெல்லியின் அப்பாவிடமும் கடன் வாங்கிய 500 பவுண்ட். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தட்டு, 1977 ஜனவரி 29இல் தங்கள் சொந்தப் பெயரில் 1,000 பிரதி. கடன் அடைந்தால் போதும் என்று நினைத்தார்கள், போனது 16,000 பிரதி. அவர்களுக்கும் மேனேஜர் இருந்தார், தங்க இடம் கொடுத்த அதே ரிச்சர்ட் பூன். உறையில் இருக்கும் போலராய்ட் படத்தை எடுத்ததும் அவர்தான்.

அந்த உறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், இது எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), மேலே தனியாக எதுவும் சேர்த்தோமா என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதல் பாட்டு மூன்றாவது டேக், எதுவும் சேர்க்கவில்லை. எப்படிச் செய்தோம் என்பதை ஒளிக்காமல் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஆரம்பி தம்பி.

முதல்வருடம்

கேட்டுவிட்டேன் அண்ணா. மூன்றாவது பாட்டில் கிடார் சோலோ வருகிறதே, இரண்டே சுரம்தான் திரும்பத் திரும்ப வருகிறதா, இல்லை எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையா?

நாலுதந்தி

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள் தம்பி, இரண்டே சுரம். ஐந்து மாதம் பழகிய விரலுக்கு அது வரும். வாசித்துப் பதிவு செய்து இங்கே போடுங்கள், நான் கீழே பேஸ் சேர்த்து அனுப்புகிறேன்.